மோசல் பள்ளத்தாக்கில் நான்கு நாள்: காரா, ரயிலா, சைக்கிளா?

முதல் தடவை மோசலுக்குப் போனபோது வாடகைக் கார் என் பெயரில் இருந்தது. அக்கா, அத்தான், என் மனைவி, நான் என்று நான்கு பேர். வேலன் என்ற சின்ன ஊரில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு முற்றம். அத்தான் ஐந்தாவது கிளாஸை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, இதுல எலுமிச்சந்தோல் வாசம் வருது பாரு" என்கிறார். எனக்கு முன்னால் திராட்சை ஜூஸ். அக்காவுக்கும் அதேதான். அக்கா எப்போதுமே குடிக்க மாட்டாள், நான் அன்றைக்குக் குடிக்க முடியாது. ஜூஸ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காகவா அவ்வளவு தூரம் போனேன்?

அப்புறம் ஒரு தடவை ரயிலிலும் ஒரு தடவை சைக்கிளிலும் போய்விட்டேன். "ஜெர்மனி வர்றோம், ஒயின் ஊர் பக்கம் நாலு நாள் சுத்தணும், கார் எடுக்கணுமா, எங்க தங்கணும்?" என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரான்சின் வோஜ் மலையில் பிறந்து, ட்ரியர் வழியாக வந்து, கோப்லென்ஸில் ரைன் நதியோடு கலக்கிறது மோசல். ட்ரியரிலிருந்து கோப்லென்ஸுக்கு நேர்கோடு போட்டால் 100 கிலோமீட்டர்கூட வராது. ஆறு போகும் தூரமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்படி ஒரு வளைசல். ட்ராபன்-ட்ரார்பாக்கிலிருந்து பெர்ன்காஸ்டலுக்கு மலையைத் தாண்டி நடந்தால் 7 கிலோமீட்டர்போல இருக்கும். ஆற்றோரமாகப் போனால் 20-க்கு மேல். வரைபடத்தில் பக்கத்து ஊராகத் தெரிவதை நம்பித் திட்டம் போட்டவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

இந்த வளைவுகளால்தான் ஒயினும். தெற்கு பார்த்த சரிவுகளில் வெயில் நேராக விழுகிறது, ஆற்று நீர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது, மண் முழுக்கச் சிலேட்டுக்கல். நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே சிலேட்டுதான். உடைந்த துண்டுகளாகக் கொடிகளின் காலடியில் கிடக்கிறது. மாலையில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், பகல் சூடு இன்னும் இருக்கும். குளிர்நாட்டில் ரீஸ்லிங் திராட்சை பழுப்பதற்கு அந்தச் சூடு பெரிய துணை. சரிவு சில இடங்களில் ஏணி மாதிரி நிற்கிறது. பிரெம் ஊருக்கு மேலே இருக்கும் கால்மோன்ட் தோட்டத்தில் 65 பாகை வரை சாய்வு. அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்ன வண்டியில் ஆளும் கூடையும் போகும், மீதி எல்லாம் கைவேலை.

சரி, வண்டிக்கு வருவோம்.

காரின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் எடுத்தால் ஒன்றரை, ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் பெர்ன்காஸ்டல். பெரியவர்கள், குழந்தைகள், நாலு பெட்டி என்றால் வேறு யோசனையே வேண்டாம். மலைமேல் உள்ள காட்சி முனைகளுக்கும், பேருந்து போகாத தோட்டக்காரர்களின் வீடுகளுக்கும் காரில்தான் சுலபம். வாங்கும் பாட்டில்களைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். தோட்டத்திலேயே நேரடியாக வாங்கினால் நல்ல ரீஸ்லிங் 8 முதல் 15 யூரோவுக்குள் கிடைக்கும்போது ஆறு பாட்டில் பெட்டி ஒன்று தானாகவே சேர்ந்துவிடும்.

கெட்டது, நான் குடித்த ஜூஸ். ஜெர்மனியில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 ப்ரோமில், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு, வரை எல்லை. புது உரிமம் எடுத்தவர்களுக்கும் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் சொட்டுக்கூடக் கூடாது. எல்லைக்குள் ஒரு கிளாஸ் குடிக்கலாமே என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. இங்கே ருசி பார்ப்பது ஒரு கிளாஸோடு நிற்பதில்லை. தோட்டக்காரர் ஆறு, எட்டு வகை எடுத்து வைப்பார். துப்புவதற்குப் பாத்திரமும் வைப்பார். ஒயின் தொழிலில் இருப்பவர்கள் கூச்சமில்லாமல் துப்புகிறார்கள். நம் ஆட்களுக்கு, அவர் கண் முன்னால் அவர் ஒயினைத் துப்ப மனசு வராது. கை தானாக வாய்க்குப் போகும், தொண்டை தானாக விழுங்கும். டிரைவர் அந்த மேசையில் உட்காராமல் இருப்பதே மேல்.

ஊரிலிருந்து வருபவர்கள் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வாருங்கள். வலப்பக்கம் ஓட்டும் பழக்கமில்லாதவர், ஊர் உள்ளே சந்துகளில் எதிரே டிராக்டர் வரும்போது கொஞ்சம் திணறுவார். அறுவடைக் காலமான செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அந்த டிராக்டர்கள் அதிகம்.

இன்னொன்று. காரில் போகிறவர்கள் 2019-இல் திறந்த ஹோக்மோசல் பாலத்தின் வழியாகப் போய்விடுவார்கள். ஆற்றுக்கு மேலே சுமார் 160 மீட்டர் உயரம். ஒரு நிமிடத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டிவிடலாம். கீழே ஊர்ட்சிக் ஊரின் செங்கல் நிறச் சரிவுகள் இருந்தது தெரியாமலே மறுகரை வந்துவிடும். அவசரம் இல்லையென்றால் ஆற்றோரச் சாலையிலேயே போங்கள்.

ரயில்தான் என்னுடைய பிடித்தம், ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கோப்லென்ஸ்-ட்ரியர் பாதை 1879-இல் திறக்கப்பட்டது. அழகுக்காகப் போட்ட பாதை இல்லை. பெர்லினிலிருந்து பிரெஞ்சு எல்லைப் பக்கம் படைகளை நகர்த்தப் போட்டதன் ஒரு பகுதி, அதனால் பீரங்கி ரயில்பாதை என்றே பெயர். படைக்கு வளைவுகள் பிடிக்காது. கோகெம் வரை ஆற்றை ஒட்டி ஓடும் ரயில், அதற்கு மேல் வளைவைச் சுற்ற மனமில்லாமல் 4.2 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. புல்லாயில் ஒரு இரட்டை மாடிப் பாலம், மேலே ரயில், கீழே சாலை. அப்புறம் ப்யூண்டரிக் எதிரே மலைச்சரிவை ஒட்டி 92 வில்வளைவுகள் தாங்கும் பாலம். அவ்வளவுதான், அதன் பிறகு ரயில் ஆற்றை விட்டுப் பிரிந்து விட்லிஷ் பக்கம் போய்விடும். ட்ரியர் நெருங்கும்போதுதான் மறுபடி மோசலைப் பார்ப்பீர்கள்.

ஆக, ஒயினுக்குப் பேர்போன நடு மோசல், அதாவது பெர்ன்காஸ்டல், வேலன், ஊர்ட்சிக், பீஸ்போர்ட், ரயிலின் கண்ணில் படாது. புல்லாயில் இறங்கி மாறினால் கிளைப்பாதை ஒன்று சுமார் 20 நிமிடத்தில் ட்ராபன்-ட்ரார்பாக்கில் கொண்டுபோய் விட்டு முடிந்துவிடும். அதற்கு மேல் பேருந்துதான்.

ஒரு காலத்தில் இந்த ஓட்டை இல்லை. ட்ரியரிலிருந்து புல்லாய் வரை வலது கரையிலேயே, ஒவ்வொரு வளைவையும் பொறுமையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு தனி ரயில் ஓடியது. ஓட்டத்திலேயே ஒயின் ஊற்றிக் கொடுத்ததால் மக்கள் அதைக் 'குடிகார ரயில்' என்று செல்லமாகக் கூப்பிட்டார்களாம். 1960-களில் மூடிவிட்டார்கள். கார் வந்தது, ரயில் போனது. எனக்கு அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து சொந்தக்காரர் யாரோ போனது மாதிரி ஒரு வருத்தம்.

பேருந்து மோசமில்லை. ஆற்றோரமாக, ஊர் ஊராக நின்று போகும், ஜன்னலோரம் கிடைத்தால் சுற்றுலாப் பேருந்துக்கு ஈடு. ஆனால் நேர அட்டவணையை மதிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் ஒரு முற்றத்தில் பேச்சில் உட்கார்ந்துவிட்டோம். நிறுத்தத்துக்கு வந்தால் வெறும் கம்பம். டாக்ஸிக்குப் போன் போட்டு, அது வருவதற்கு ஒரு மணி நேரம். அன்று குடித்த ஒயினைவிட டாக்ஸிக்குக் கொடுத்தது அதிகம். வார நாளில் இந்தத் தொல்லை குறைவு. ஞாயிறு அன்று தூரமாகப் போகாமல் தங்கும் ஊரிலேயே குடித்துவிடுங்கள்.

கட்டணத்தில் ரயிலை அடிக்க முடியாது. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. இது சந்தா முறை, நிறுத்துவதற்குத் தேதி உண்டு, மறந்தால் அடுத்த மாதமும் பணம் போகும். அதிவேக ஐ.சி.இ. ரயில்களில் செல்லாது. நாலைந்து பேராகச் சேர்ந்து ஒன்றிரண்டு நாள் மட்டும் சுற்றுவதென்றால் மாநில அளவிலான ஒருநாள் குழு டிக்கெட் லாபம். தங்கும் இடத்தில், விருந்தினருக்குப் பேருந்து-ரயில் அட்டை தருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் தருகிறார்கள், கேட்காதவர்களுக்கு நினைவுபடுத்துவதில்லை.

சைக்கிளைப் பற்றிச் சொன்னால் நம் ஆட்கள் சிரிக்கிறார்கள். மலைப் பள்ளத்தாக்கு என்றதும் மூச்சு வாங்கும் என்று நினைப்பு. மலை இரண்டு பக்கமும்தான் இருக்கிறது, பாதை ஆற்றோரம் தோசைக்கல் மாதிரி சமம். சில இடங்களில் அந்தக் குடிகார ரயில் ஓடிய தடத்திலேயே சைக்கிள் பாதை போகிறது. பேட்டரி சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது, என் மனைவி சைக்கிளைத் தொட்டுப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது, முதல் அரை மணி நேரத்துக்கு அப்புறம் என்னை முந்திக்கொண்டு போனாள். நாளைக்கு 25, 30 கிலோமீட்டர், நடுவில் மூன்று ஊர், இரண்டு முற்றம். இதைவிட நல்ல வேகம் இந்த ஊருக்குக் கிடையாது. காரில் தெரியாதவை எல்லாம் தெரியும். வேலன் எதிரே சரிவின் நடுவில் ஒரு பாறையில் பெரிய சூரியக் கடிகாரம் தீட்டியிருக்கிறார்கள், 1842-இல் ப்ரூம் குடும்பத்தார் ஒருவர் செய்தது, தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நேரம் பார்ப்பதற்காக. அந்தத் தோட்டத்தின் ஒயினுக்கே 'சூரியக் கடிகாரம்' என்றுதான் பெயர். காரில் நான் அதன் எதிரே இரண்டு தடவை போயிருக்கிறேன், கண்ணில் படவே இல்லை.

சைக்கிள்தானே என்று குடித்துவிட்டு ஏறுவதும் கூடாது. 1.6 ப்ரோமிலைத் தாண்டினால் சைக்கிளிலும் குற்ற வழக்குதான். தள்ளாடி யார்மேலாவது மோதினால் அதைவிடக் குறைந்த அளவிலேயே மாட்டுவீர்கள், கார் உரிமத்துக்கும் ஆபத்து. சைக்கிள் நாளில் நான் காபினெட் என்று லேபிளில் போட்ட ரீஸ்லிங்கோடு நிறுத்திக்கொள்வேன். லேசான இனிப்பு, ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான். 'ட்ரோக்கன்' என்றிருந்தால் இனிப்பில்லாதது, 'ஃபைன்ஹெர்ப்' இரண்டுக்கும் நடு. கிளாஸ் கேட்கும்போது 0.1 லிட்டர் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 0.2 வரும், அது நம் வீட்டு டம்ளர்.

மழை வந்தால் சைக்கிள் திட்டம் பாழ், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரயிலில் சைக்கிளை ஏற்றிவிடலாம். இந்த மாநிலத்து உள்ளூர் ரயில்களில் வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகும், சனி ஞாயிறு முழுக்கவும் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, இடம் இருந்தால்.

படகைப் பயண வாகனமாக எண்ண வேண்டாம். ஆற்றை 1964-இல் கப்பல் போக்குவரத்துக்காகத் திருத்தித் திறந்தார்கள். ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவில் பத்து இடத்தில் தடுப்பணை கட்டி, கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகள் வைத்திருக்கிறார்கள். மதகுக்குள் படகு நின்று, கதவு மூடி, தண்ணீர் இறங்கி, கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெர்ன்காஸ்டலிலிருந்து ட்ராபன்-ட்ரார்பாக்குக்குக் காரில் அரை மணி, படகில் சுமார் 2 மணி. அக்காவுக்கு அந்த 2 மணி நேரம்தான் மொத்தப் பயணத்திலும் பிடித்தது. முழங்கால் வலி இல்லாமல், மேல்தளத்தில் காபியோடு உட்கார்ந்து, மதகுச் சுவர் பக்கத்தில் மெல்ல உயர்வதை, இல்லை, நாம் தாழ்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வழி படகு, மறு வழி சைக்கிள் என்று வைத்துக்கொண்டால் அருமையாக அமையும். குளிர்காலத்தில் படகுகள் பெரும்பாலும் ஓடாது.

நடப்பவர்களுக்கு மோசல்ஸ்டைக் என்ற 365 கிலோமீட்டர் நடைபாதை 24 பகுதிகளாக இருக்கிறது. நான்கு நாளில் ஒன்றிரண்டு பகுதி போதும். கால்மோன்ட் சரிவில் கம்பி பிடித்து ஏறும் பாதை உண்டு. தலைசுற்றல் உள்ளவர்கள் கீழேயே இருந்து படம் எடுக்கலாம்.

இனி எங்கே தங்குவது. வண்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டாலே இதில் பாதி முடிந்துவிடும்.

கோகெம் எல்லாருடைய பட்டியலிலும் முதலில் வரும். ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே, மலைமேல் கோட்டை, படத்துக்கு அழகு. அந்தக் கோட்டையை 1689-இல் பிரெஞ்சுப் படை தகர்த்தது, இப்போது பார்ப்பது 19-ஆம் நூற்றாண்டில் பெர்லின் வியாபாரி ஒருவர் பாழிடத்தை வாங்கித் தன் ரசனைக்குக் கட்டியது. பகலில் அங்கே கூட்டம் தாங்காது. ஒரு மதியம் போதும்.

பெர்ன்காஸ்டல்-கூஸ் மரச்சட்ட வீடுகள் நிறைந்த ஊர். அதன் சந்தைச் சதுக்கத்தைப் பார்த்தால் எதற்கு இத்தனை பேர் வருகிறார்கள் என்று புரியும். எதிர்க்கரைக் கூஸில் 15-ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் நிக்கோலாஸ் நிறுவிய முதியோர் இல்லம் இன்றும் இயங்குகிறது, அவருடைய நூலகமும் அங்கேயே. கார் அல்லது சைக்கிளோடு வருபவர்களுக்கு இதுதான் நடுப்புள்ளி. செப்டம்பர் தொடக்கத்தில் இங்கே பெரிய ஒயின் திருவிழா. அந்த வாரத்துக்கு அறை வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே பிடிக்க வேண்டும்.

ட்ராபன்-ட்ரார்பாக் கார் இல்லாதவர்களுக்கு. 1900-ஐ ஒட்டி இது பெரிய ஒயின் வணிக நகரம், அந்தப் பணத்தில் வியாபாரிகள் கட்டிய, கொடி மாதிரி வளைவு வளைவான அலங்காரம் கொண்ட வீடுகளும் தரைக்கடியில் நீளும் பாதாள அறைகளும் இன்னும் இருக்கின்றன. பெர்ன்காஸ்டல் அளவுக்கு அழகு இல்லை என்பார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் பெஞ்சில் உட்கார இடம் கிடைக்கும், எனக்கு அது போதும்.

ட்ரியரை மோசல் பயணத்தில் பலர் சேர்ப்பதே இல்லை. ரோமானியர் கட்டிய கறுத்த நகர வாசல், குளியல் கூடங்கள், அருங்காட்சியகத்தில் பீப்பாய்கள் ஏற்றிய படகின் கற்சிற்பம். ஆற்றின் போக்கில் கீழே இருக்கும் நோய்மாகன் என்ற ஊரில் கிடைத்த அந்தப் படகுக்கு வயது 1,800 ஆண்டு. சுக்கான் பிடித்திருப்பவர் முகத்தில் சிரிப்பு, குடித்திருக்கிறார் என்று ஊரார் வாதம். கார்ல் மார்க்ஸ் பிறந்ததும் ட்ரியரில்தான். மோசல் திராட்சை விவசாயிகள் படும் பாட்டைப் பற்றி அவர் 1843-இல் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். அவர் குடும்பத்துக்கே பக்கத்தில் திராட்சைத் தோட்டத்தில் பங்கு இருந்தது. குளிர்காலத்தில் போகிறவர்கள் ட்ரியரிலேயே தங்குங்கள். ஜனவரியிலிருந்து ஈஸ்டர் வரை சின்ன ஊர்கள் பாதி கதவடைத்துக் கிடக்கும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் நம் வீட்டில் யாரும் கிளம்ப மாட்டார்கள். தோட்டக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே வருடத்துக்கு நான்கு மாதம் வரை நடத்தும் தற்காலிக உணவகத்துக்கு ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்று பெயர். உச்சரிக்க வராவிட்டால் பரவாயில்லை, வாசலில் துடைப்பமோ பூங்கொத்தோ தொங்கினால் உள்ளே போகலாம். 40 இருக்கைக்கு மேல் கூடாது, சொந்த ஒயின்தான் ஊற்ற வேண்டும். சாப்பாடு எளிமையானது. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் வெங்காயம் வைத்துச் சுட்ட கேக், பீட்சா மாதிரி மெல்லிய ஃப்ளாம்குகன் இரண்டையும் பார்த்து ஆசைப்படுவார்கள். இரண்டிலும் பன்றி இறைச்சித் துணுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். "ஓன ஷ்பெக்" என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், அந்தப் பன்றித் துணுக்கு இல்லாமல் என்று அர்த்தம். அக்கா மூன்றாவது நாள் தானே சொல்லி வாங்கினாள். குடிக்காதவர்களுக்குத் திராட்சை ஜூஸ் தவிர இந்தப் பக்கத்துச் சிவப்புப் பீச் பழ ஜாம் உண்டு, இரண்டு பாட்டில் ஊருக்குப் போனது.

இப்போது யாருக்கு எது என்றால், பெரியவர்களோடும் குழந்தைகளோடும் வரும் குடும்பம் கார் எடுத்து, பெர்ன்காஸ்டலில் தங்கி, குடிக்காத ஒருவரை டிரைவராக முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வைக்கட்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் கார் எடுக்காதீர்கள், நான் சொல்வதைக் கேளுங்கள். இருவராக வருபவர்கள் மே, ஜூன் அல்லது செப்டம்பரில் ரயிலில் வந்து, ட்ராபன்-ட்ரார்பாக்கில் மூன்று இரவு, கடைசி இரவு ட்ரியர். ஒரு நாள் சைக்கிளில் பெர்ன்காஸ்டல், திரும்பும்போது படகு. ஒரு நாள் பேருந்தில் ஊர்ட்சிக். மழை நாளுக்கு ட்ரியர் அருங்காட்சியகம் காத்திருக்கும்.

அத்தான் அடுத்த வருடம் மறுபடி வருகிறார். போனில் முதல் கேள்வியே கார் எந்த மாதிரி எடுக்கப் போகிறாய் என்பதுதான். அக்கா சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பித்திருப்பதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.